ஒலிப்பெட்டியில் என் ஈரல்

நோயாளி ஆவது என்று நான் முடிவு செய்தது 1967 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. வழக்கமாக நோய்தான் மனிதனைப் பார்த்து முடிவு செய்யும். நான் முந்திக்கொண்டேன்.

காரணம் கல். போர்ட் லூயியை ஒட்டிய சாந்த் குருவாவில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் முழுவதும் கருங்கல். இந்தத் தீவை உண்டாக்கிய எரிமலை, கடைசியாகக் கக்கியதை எல்லாம் எங்கள் கொல்லையில் கக்கிவிட்டு ஓய்ந்திருக்க வேண்டும். அறுபதாம் ஆண்டுப் புயலில் சமையலறைக் கூரை பறந்துபோனது. அதன்பின் ஏழு வருடமாக என் மனைவி அலமேலு இரண்டு ஓட்டைத் தகரத்தின் கீழ் நின்று சமைத்தாள். மழை பெய்தால் குழம்பில் தண்ணீர் கூடும், வெயில் அடித்தால் உப்புக் கூடும். ஏழு வருடமும் நான் குறை சொல்லாமல் சாப்பிட்டேன். அதையே பெரிய தியாகம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் கான்கிரீட் சமையலறை கட்டியே தீருவது என்று அலமேலு கிளம்பினாள். கொத்தனார் வந்து பார்த்தார். கல்லை எல்லாம் அப்புறப்படுத்தித் தரையைச் சமமாக்கி வைத்தால் வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். யார் அப்புறப்படுத்துவது என்ற கேள்வி எழவே இல்லை. என் பெயரில் ஒரு மாத விடுப்பு எழுதி, கையெழுத்துப் போட என்னிடம் நீட்டினாள் அலமேலு.

நான் துறைமுகக் கிடங்கில் சர்க்கரை மூட்டை எண்ணும் குமாஸ்தா. எண்ணித்தான் பழக்கம். தூக்கிப் பழக்கம் இல்லை.

பக்கத்து வீட்டு எட்மோனிடம் யோசனை கேட்டேன். அவன் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டுகிறவன். போன வருடம் முதுகு பிடித்துக்கொண்டது என்று மூன்று வாரம் கட்டிலில் கிடந்து, அவன் மனைவி இவெட் கையால் கோழிச்சாறு குடித்தவன். என்னைக் கொம்பேர், அதாவது கூட்டாளி, என்றுதான் கூப்பிடுவான். வேலிக்கு மேலே தலையை நீட்டி, தொழில் ரகசியம் சொல்வதுபோல் சொன்னான்.

"முதுகு வேண்டாம், கொம்பேர். மறந்துபோய் நிமிர்ந்தா மாட்டிக்குவே. தொடையைப் பிடி. உள்ளே தசை கிழிஞ்சிடுச்சுன்னு சொல்லு. வெளியே ஒண்ணும் தெரியாது. யாரு உள்ளே போய்ப் பார்க்கப் போறா?"

அன்றைக்கே முதல் கல்லைத் தொட்டேன். தொட்ட மாத்திரத்தில் விழுந்தேன். இடது தொடையைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் நான்கு வீட்டு நாய்கள் குரைத்தன. அலமேலு ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள். முகம் வெளுத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கீரைச்சாறு வந்ததும் வெட்கம் போய்விட்டது.

மூன்று நாள் ராஜவாழ்க்கை. காலையில் எண்ணெய் தேய்த்துவிடுவாள். மதியம் ரேடியோ. மாலையில் எட்மோன் நலம் விசாரிக்க வருவான், சட்டைப் பையில் இருமல் மருந்துப் புட்டியோடு. புட்டியில் இருப்பது ரம் என்று உங்களுக்குத் தெரியும். தொடை வலிக்கு எதற்கு இருமல் மருந்து என்று அலமேலு ஒரே ஒரு முறை கேட்டாள். வலியில் இருமல் வருகிறது என்றேன். அப்படியா என்று போய்விட்டாள். அத்தோடு விட்டுவிட்டாளே என்று நான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

நான்காம் நாள் செய்தி கொண்டுவந்தாள். அவளுடைய சித்தப்பா மகள் பியெரெட் கூர்பீப்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே ஸ்காட்லாந்தில் படித்துவிட்டு ஒரு இளம் டாக்டர் திரும்பியிருக்கிறாராம். வரும்போது ஒரு பெட்டியையும் கப்பலில் கொண்டுவந்திருக்கிறாராம். அந்தப் பெட்டி நம் காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்புமாம். தசையிலும் ஈரலிலும் பட்டு அது திரும்பி வருமாம். திரும்பியதை வைத்து உள்ளே இருப்பதைக் கண்ணாடித் திரையில் படமாகக் காட்டுமாம். கத்தி இல்லை, ஊசி இல்லை. கிழிந்த தசை அப்படியே தெரியுமாம்.

"அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கார். உங்க வலியைப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியலை" என்றாள்.

எட்மோனிடம் ஓடினேன், அதாவது நொண்டினேன். அவன் முகம் மாறிவிட்டது. பெரிய கப்பல்களில் அந்த மாதிரிப் பெட்டியை அவன் பார்த்திருக்கிறான். கடலுக்கடியில் பாறை இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும், உன் தொடை எம்மாத்திரம் என்றான். அன்று முதல் நலம் விசாரிக்க வருவதையும் நிறுத்திக்கொண்டான்.

வியாழக்கிழமை கூர்பீப்பில் வழக்கமான தூறல். பஸ்ஸிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை நொண்டினேன். பாதி வழியில் பியெரெட் எதிரே வந்து, எந்தக் கால் அத்தான் என்று கேட்டாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டாக்டர் என்னை மேசையில் படுக்கவைத்து, தொடையில் ஆலிவ் எண்ணெய் ஊற்றினார். ஒரு இரும்புக் கையின் நுனியில் இருந்த குமிழை எண்ணெய் மேலே மெதுவாக ஓட்டினார். பக்கத்துக் கண்ணாடியில் பச்சையாக ஏதோ தூறியது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். மறுபடி ஓட்டினார். மறுபடி சுருக்கினார். பிறகு வயிற்றிலும் எண்ணெய் ஊற்றி ஓட்டினார். இந்த முறை தலையையே ஆட்டினார். அலமேலுவை வெளியே அழைத்துக்கொண்டு போனார். பொரிக்கத் தயாரான மீன் மாதிரி நான் எண்ணெயோடு கிடந்தேன். ஐந்து நிமிடம் கழித்து அவள் மட்டும் வந்தாள். சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் வழியே கரும்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரோஸ் ஹில் வந்ததும் தாங்க முடியவில்லை. தசை கிழியவில்லை, கல்லுக்குப் பயந்து பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இருமல் மருந்து உட்பட.

"டாக்டரும் அதைத்தான் சொன்னார்" என்றாள் அலமேலு. "தொடை கிடக்கட்டும். ஈரல்தான் சரியில்லையாம். வீங்கியிருக்காம். இனி ஒரு சொட்டு ரம் கூடாது. மிளகாய் வடை கூடாது. தினமும் வேர்வை வர்ற மாதிரி வேலை செய்யணுமாம்" என்றாள்.

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

விடுப்பு முடியும்வரை தினமும், அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கல் சுமந்தேன். ரம்மைத் தொடவில்லை. முதல் வாரம் கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை. அலமேலு பக்கத்தில் உட்கார்ந்து சுரைக்காய் சாறு கொடுத்தாள். எட்மோன் வேலிக்கு அப்பாலிருந்து புட்டியைக் காட்டியபோது, பெட்டி காட்டிக்கொடுத்துவிடும் என்று மறுத்துவிட்டேன். ஆறாம் வாரம் கொத்தனார் வந்தார். ஏழாம் வாரம் சமையலறை எழுந்தது. முதல் மழையில் அலமேலு நனையாமல் நின்று சமைத்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை போர்ட் லூயி சந்தையில் பியெரெட் எதிரே வந்தாள். குசலம் விசாரித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னைக்கு அந்தப் பெட்டியில ஒண்ணுமே தெரியலை அத்தான். கப்பல்ல வர்றப்ப ஏதோ வால்வு போயிடுச்சு. டாக்டருக்கு ரொம்ப வெட்கமாப் போச்சு. புது வால்வு வந்ததும் திரும்ப வரச் சொன்னாரே, அக்கா சொல்லலையா? போன வாரம் வந்துடுச்சு."

நான் முட்டைக்கோஸுக்கு நடுவில் நின்றேன். இறந்துபோன பெட்டிக்கு முன்னால் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். என் ஈரலை யாருமே பார்க்கவில்லை. ஒரு பெண்பிள்ளை தன் வாயால் என் ஈரலை வீங்கவைத்து, வாரக்கணக்கில் கல் சுமக்கவைத்திருக்கிறாள்.

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டேன். இந்த முறை திட்டம் பெரியது. ரகசியமாகப் போவது. ஈரல் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்தோடு காகிதம் வாங்குவது. அதை அவள் முன்னால் வைத்து, அதன்மேல் ஒரு புட்டி ரம்மையும் வைப்பது.

செவ்வாய்க்கிழமை கிடங்கில் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனேன். டாக்டர் அடையாளம் கண்டுகொண்டு மன்னிப்புக் கேட்டார். இந்தத் தடவை கண்ணாடியில் உண்மையாகவே படம் வந்தது. தொடைத் தசை வரிவரியாக ஓடுவதைக் காட்டினார். எங்கும் அறுபடவில்லை, நல்ல உழைப்பாளியின் தொடை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு விலாவுக்குக் கீழே ஓட்டினார். அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினார்.

ஈரல் மெல்லிய மணல்போல் தெரிய வேண்டுமாம். என்னுடையது வெளுத்துப் பளபளத்தது. விலாவைத் தாண்டி இரண்டு விரல் கீழே இறங்கியும் இருந்தது. எவ்வளவு நாளாகக் குடிக்கிறேன் என்று கேட்டார். பதினைந்து வருடம், ஆனால் ஏழு வாரமாக இல்லை என்றேன்.

"இப்போ நிறுத்தினதால பிழைச்சீங்க. இன்னும் ரெண்டு வருஷம் போயிருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. யார் நிறுத்தச் சொன்னது?"

"வேற ஒரு டாக்டர்" என்றேன்.

வெளியே வந்து தூறலில் நின்றேன். இரண்டு பஸ் போயிற்று, ஏறவில்லை. மூன்றாவது பஸ்ஸுக்கு நொண்டினேன், இந்த முறை இரண்டு காலிலும்.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன் டாக்டர் எழுதித்தந்த காகிதத்தைக் குடைக்குள் மடித்து வைத்தேன். சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தேன். புதுச் சமையலறையில் உட்கார்ந்தேன். அலமேலு சோறு போட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள்.

எந்த டாக்டர் என்றேன். அவள் ஈரம் காயட்டும் என்று குடையை விரித்தாள். காகிதம் விழுந்தது. எடுத்து இரண்டு முறை படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க கண்ணுல மஞ்சள் ஏறுறதை ஒரு வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள். "நான் டாக்டர்கிட்ட வாங்கன்னு கூப்பிட்டிருந்தா மறுபடி வந்திருப்பீங்களா? அதான் பியெரெட்டைச் சந்தையில போய் நிக்கச் சொன்னேன்."