கொஞ்சம் திரும்புங்க, குத்தோணுமுங்க

கொலைகாரனுக்கும் மரியாதை கற்றுக்கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் 'பாஸ் பட்டன்' சார்.

தொண்ணூறுகளில், காந்திபுரத்தில் டவுன் பஸ் மாறிப் போகிற ஒரு கல்லூரியில் நாங்கள் ஆங்கில இலக்கியம் எடுத்திருந்தோம். அத்தனை பேரும் தமிழ் மீடியம். பாடத்தில் இருந்ததோ பழங்கால ராஜா நாடகம். புத்தகத்தைத் திறந்தாலே தலை கிறுகிறுக்கும். சார் அதன் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் போட்டுக் காட்டினார். வசனம் ஆரம்பித்ததும் எங்கள் மூஞ்சி போன போக்கைப் பார்த்து, சவுண்டை அடியோடு குறைத்துவிட்டு அவரே பேச ஆரம்பித்தார்.

மந்திரி கத்தியை உருவினான். சார் பாஸ் பட்டனை அமுக்கினார். ஓங்கிய கத்தியோடு படம் அப்படியே நின்றது.

"ஏனுங்க மகராசா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க. குத்தோணுமுங்க."

ராஜாவுக்கும் அவரே குரல். "இப்பவேவா கண்ணு? சாப்ட்டுப்போட்டு வாரனே!"

ஆடிப்போய்விட்டோம். இலக்கிய வகுப்பில் சிரிக்கலாம் என்று அதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி மாடல் தேர்வில். குத்துமுன் மந்திரி என்ன சொன்னான் என்ற கேள்விக்கு, 'தயவுசெய்து திரும்புங்கள் ஐயா' என்று வகுப்பே அழகான ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தது. ராஜா சாப்பிடப் போனதை நான் ஒரு பாரா தனியாக விவரித்திருந்தேன்.

விடைத்தாள்களோடு பிரின்சிபால் பாய்ந்து வந்தார். "ஏனுங்க, பாடம் நடத்துறீங்களா, கூத்து நடத்துறீங்களா? நாளைக்குச் சவுண்டு வெச்சு ஓட்டுங்க. நீங்க வாயே தொறக்கக் கூடாது. பசங்களுக்குப் புரியலீன்னா உங்க வேலை போச்சுங்க!"

சார் தற்காலிக லெக்சரர். "ஆகட்டுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் அன்றுதான் பார்த்தோம்.

மறுநாள் பிரின்சிபால் முன்வரிசையில். சார் சுவரோரமாக. ராஜாவின் சொந்தக் குரலை முதல் தடவையாகக் கேட்டோம். தூக்கிவாரிப் போட்டது. புரிந்தது! வார்த்தைக்கு வார்த்தை இல்லை. ஆனால் யார் யாரை ஏமாற்றுகிறான், ராஜா ஏன் நடுங்குகிறார், எல்லாம் சார் பேசிக் காட்டிய புண்ணியத்தில் புரிந்தது. கத்தி உயர்ந்தபோது, கடைசி பெஞ்சில் இருந்த துடியலூர்ப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்.

"வேண்டாமுங்க..."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சார் மெதுவாகக் கேட்டார், "நிறுத்தட்டுங்களா?"

"சும்மா இருங்க சார். ஓடட்டும். நாளைக்கும் நீங்களே ஓட்டுங்க."

இன்றைக்கும் டி.வி.யில் எவனாவது கத்தியை உருவினால், வீட்டில் எல்லோரும் கத்தக் கத்த நான் சவுண்டைக் குறைத்துவிடுவேன். சார் பேச வேண்டாமா?