எழுபத்தெட்டு கிலோமீட்டர் காற்று

காற்றுக்குப் பயப்படுகிறவன் காற்றாலையில் வேலைக்குச் சேரக் கூடாது. இந்த ஞானம் எனக்கு வந்தபோது நூறடிக் கம்பத்தின் உச்சியில் இருந்தேன்.

செங்கோட்டைப் பக்கம் வயல்களுக்கு நடுவே நின்றது, காற்றின் வேகத்தை அளக்கும் அந்தக் கம்பம். சாரல் காலம். அன்று கிரேன் வைத்து ஒரு காற்றாலைக்கு இறக்கை மாட்ட வேண்டும். மேலே அதிகபட்சமாக எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்று பார்த்த பிறகுதான் கிரேன் தூக்கும். கம்பத்தில் இருந்த கருவி பழுதாகிவிட்டதால், குட்டி விசிறி வைத்த ஒரு கைக்கருவியைக் கொடுத்து என்னை மேலே ஏற்றிவிட்டார் எங்கள் இன்ஜினியர் அண்ணாச்சி. புதிதாகச் சேர்ந்தவன் நான். மாட்டேன் என்றால் வேலை போய்விடும் (போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்).

கணவாய்க் காற்று திடீரென்று ஓர் அறை விட்டது. கம்பம் ஆடியது. இடுப்பு பெல்ட்டை நான் நம்பவில்லை. இரண்டு கைகளாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு குற்றாலநாதரைக் கூப்பிட்டேன். செத்தோம் என்றே நினைத்தேன். கருவி கையை விட்டுப் போனதே தெரியவில்லை. அது கீழே நடவு வயலின் சேற்றில் கிடந்தது.

நான் இறங்கி வந்தேன். அண்ணாச்சி சேற்றைத் துடைத்துவிட்டு, கருவியில் பதிந்திருந்த அதிகபட்ச வேகத்தைப் பார்த்தார். மணிக்கு எழுபத்தெட்டு கிலோமீட்டர்.

"ஏலே, மேல இவ்வளவு காத்தா அடிக்கு?"

"உசுரே போயிட்டு அண்ணாச்சி."

என் முகத்தைப் பார்த்த ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கிரேனை மடக்கினார்கள். ஆட்கள் லாரிக்கு அடியில் பதுங்கினார்கள். நான் தென்காசியில் இருந்த மனைவிக்குப் போன் போட்டு, புயல் வருகிறது, கதவைச் சாத்து என்று கத்தினேன். அவள் மாடித் துணிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, பீரோவைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் வரை மெல்லிய சாரல்தான் விழுந்தது. வீட்டுக்குப் போய், பீரோவை நகர்த்தச் சொல்லி உள்ளே நுழைந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த விசிறி உங்க கையில இருக்கும்போது அப்படிச் சுத்துச்சா, கீழ விழும்போது சுத்துச்சா?"

அதுவரை எனக்குக் காற்றிடம்தான் பயம். அந்த நிமிடத்திலிருந்து அண்ணாச்சியிடம் பயம். மறுநாள், அது காற்றின் வேகமல்ல, கருவி கீழே விழுந்த வேகம் என்று அவரிடம் சொன்னேன். வேலை தப்பியது, கம்பம் ஏறும் பாக்கியம் மட்டும் பறிபோனது.

இன்றும் என் கையிலிருந்து ஒரு தம்ளர் நழுவினால் போதும், என் மகள் ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறாள். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வருகிறது:

"பீரோவ நகத்தணுமா?"