கம்பியா, கயிறா?

இந்த ஒரு முடிவையாவது மனைவி தலையில் கட்டிவிடுவது என்று இழுவைக்காரர் உறுதி பூண்டார்.

பள்ளத்தில் இறங்கிய வண்டிகளை இழுத்துக் கரையேற்றுவது அவர் தொழில். எந்த முடிவையும் மூன்று வாரம் இழுப்பது அவர் சுபாவம். இரண்டுக்கும் பொருந்தியதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது அவருடைய ஜீப்பின் முன்னால் இருக்கும் வின்ச் உருளையில், இழுக்கிற கம்பி வடம் பிசிறு பிசிறாகப் பிரிந்து கிடந்தது. நாளைக் காலை ஒரு சிமெண்ட் லாரியை ஓடையிலிருந்து மேலே இழுக்க வேண்டும். ஜீப் நேற்றிலிருந்தே வடம் விற்கும் கடையில் நிற்கிறது. இன்றைக்குள் புதுசு மாட்டியாக வேண்டும்.

மறுபடியும் இரும்புக் கம்பியா, புதிதாக வந்திருக்கும் செயற்கைக் கயிறா? கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி ஆளையே அடிக்கும். கயிறு லேசு, அறுந்தாலும் அவ்வளவு பாயாது. ஆனால் கூரான பாறையில் உரசினால் போச்சு. அவருக்கு ஆசையெல்லாம் கயிற்றின் மேல்தான். போன மாதம் கம்பி இழை ஒன்று தெறித்துக் காதோரமாகப் போனதிலிருந்து, கம்பிப் பக்கம் போகும்போதெல்லாம் கை தானாகக் காதைப் பொத்தியது. இதை வெளியே சொன்னால் மானம் போகும். சொல்லாமல் கயிற்றை வாங்கி, அது அறுந்து, லாரி மறுபடி ஓடைக்குள் போனால்?

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எது கெட்டாலும் அதைத் தேர்ந்தெடுத்தவர்தான் குற்றவாளி. மனைவி வாங்கிய வாஷிங் மெஷின் நின்றுபோன அன்று அவரே கொண்டுவந்த சட்டம். தான் எதைச் சொன்னாலும் அவள் வேண்டாம் என்பாள். ஆகவே கம்பியைப் புகழ்வது, அவள் வாயாலேயே கயிறு என்று சொல்ல வைப்பது. திட்டம் அவ்வளவுதான்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் போய்த் தொண்டையைக் கனைத்தார்.

"கம்பியே வாங்கிடலாம்னு பாக்கறேன். என்ன இருந்தாலும் இரும்பு இரும்புதான்."

"சரிங்க. வாங்கிடுங்க."

பதினெட்டு வருஷத்தில் கேட்டறியாத வார்த்தை.

"இல்ல... நல்லா யோசிச்சுச் சொல்லு."

"உங்க தொழில். உங்களுக்குத் தெரியாததா?"

"கையெல்லாம் கிழிக்கும்."

"கையுறை போட்டுக்குங்க."

"கனம் வேற ஜாஸ்தி."

"நீங்களா சுமக்கறீங்க? வண்டிதானே சுமக்குது."

"அறுந்துச்சுன்னா தலையச் சீவிடும்!"

"இரும்பு எங்கங்க அறுந்துடப் போகுது? இருங்க, கடைக்காரர்கிட்ட நானே சொல்லிடறேன், கம்பின்னு." போனைக் கையில் எடுத்தாள்.

இழுவைக்காரருக்குக் காதோரம் விர்ரென்றது. சட்டம், திட்டம், மானம் எல்லாம் ஒரே நொடியில் பறந்தன.

"வேணாம்! எனக்குப் பயமா இருக்கு. போன மாசம் ஒரு இழை காதுகிட்ட தெறிச்சுப் போச்சு. உங்கிட்ட சொல்லல. எனக்குக் கயிறுதான் வேணும்!"

மனைவி மடித்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் காதையே பார்த்தாள். "ஒரு மாசமா இதை மனசுல வெச்சுக்கிட்டா சோறு முழுங்கினீங்க?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைப் போய் ஏமாற்றப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"சரிங்க, உங்க இஷ்டம். கயிறே இருக்கட்டும். நீங்க தேர்ந்தெடுத்தது, ஞாபகம் இருக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹார்ன் அடித்தது. கடைக்காரர் ஜீப்பை விட்டு இறங்கினார். வின்ச்சில் ஆரஞ்சு நிறக் கயிறு வரிவரியாகச் சுற்றியிருந்தது.

"மூணு நாளா நீங்க இதையேதான் தடவிப் பாத்தீங்கன்னு காலையில அக்காகிட்ட போன்ல சொன்னேண்ணே. அப்ப இதையே மாட்டிடுங்கன்னாங்க" என்று ஒரு சீட்டை நீட்டினார். "அக்கா சொல்லச் சொல்ல எழுதினது. இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

'செயற்கைக் கயிறு. தேர்ந்தெடுத்தவர்: வீட்டுக்காரர்' என்று எழுதியிருந்தது. எழுதிய நேரம் காலை எட்டே முக்கால். அப்போது வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.