குன்றைத் தட்டையாக்கிய மேதை

கணினியில் நாலு விஷயம் கற்றுக்கொண்டவன் முதலில் கெடுப்பது சொந்த ஊரைத்தான். நான் கெடுத்தது இலங்கையில் ஹாலிஎலப் பக்கம் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து மலையை.

முப்பரிமாண வரைகலை படித்து முடித்திருந்த நேரம். (படித்தேன் என்பது அம்மாவின் நம்பிக்கை.) எங்கள் மாதா கோவில் செங்குத்தான மலையுச்சியில் இருக்கிறது. பாதை வழுக்கும். முழங்கால் வலியோடு ஏற முடியாமல் அம்மா பூசைக்குப் போவதையே விட்டிருந்தார். அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. படி கட்ட சிமெந்து தரலாம், ஆனால் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் பதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி. அவருக்குக் கடையை விட்டு வர நேரமில்லை.

"நம்ம பய கம்ப்யூட்டர்லயே மலைய கொண்டாந்துருவான் முதலாளி" என்று கோவில் கமிட்டித் தலைவர் சவரிமுத்து மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

மலையின் உயரங்களை அளந்து புள்ளிகளாகக் கொடுத்தேன். அவற்றை வைத்துக் கணினி ஒரு வளைந்த பரப்பை உருவாக்கும். ஆனால் அந்தப் பரப்பு எல்லாப் புள்ளிகளையும் தொடாது. அவை இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான். இது பாடத்தின் தொடக்கத்திலேயே இருந்ததாம். நான் படங்களை மட்டும் பார்த்திருந்தேன். உச்சிப் புள்ளி மேலே நிற்க, மலை பாதி உயரத்திலேயே வளைந்து இறங்கிவிட்டது. சரியான உயரத்தில் நான் வைத்த கோவில் அந்தரத்தில் தொங்கியது. மூளையுள்ளவன் மலையை உயர்த்தியிருப்பான். நான் கோவிலை இறக்கினேன். ஆஹா, என்ன கச்சிதம்!

கடையில் மடிக்கணினியைத் திறந்தேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இதுக்கா படி? தவழ்ற புள்ளகூட ஏறிருமே!"

"ஐயையோ, ரொம்ப செங்குத்துங்க முதலாளி" என்று மாமா பதறினார்.

"படத்துல அப்பிடி இல்லையே."

சிமெந்து கைநழுவிக்கொண்டிருந்தது. வியர்க்க வியர்க்க உச்சிப் புள்ளியைப் பிடித்து மேலே இழுத்தேன். மலை கிடுகிடுவென்று வளர்ந்து கோவிலை அப்படியே விழுங்கிவிட்டது.

"அடேய், மாதா கோவில் எங்கடா?" என்று கத்தினார் மாமா.

முதலாளி மடிக்கணினியைத் தானே மூடினார். "இத விடுங்க. வாங்க, நேர்லயே போய்ப் பாப்பம்."

பாதி மலையில் அவர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். மூச்சிரைக்க இரைக்கச் சொன்னார்: "சிமெந்து அனுப்புறேன். மொதல்ல என்னைய கீழ எறக்கி விடுங்க."

படி கட்டியாயிற்று. ஞாயிறுதோறும் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறுகிறார். பின்னால் போகும் நான் மூச்சு வாங்க நின்றேனோ, தொலைந்தேன். பூசைக்கு வரும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி திரும்பிச் சொல்வார்:

"ஏன்டா நிக்கிற? ஒன் கம்ப்யூட்டர்ல இது தட்டையாத்தானே இருந்துச்சு!"