கஞ்சி நைனாவும் தனியாக நின்ற லாமாவும்

மயிலாப்பூரில் ஒரு பிராணியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் தள்ளுவண்டி வைத்துச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவர். எங்கள் அடுக்ககத்தில் படித்த குடும்பங்கள் இருபது இருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் பெயர் தெரியாது. கஞ்சி நைனா என்போம். காட்டன் சட்டையைக் கஞ்சி போடாமல் கொடுத்தால், இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது இன்னா சார், சட்டையா, கரித்துணியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். பட்டனை அவிழ்க்காமல் கொடுத்தாலோ அன்றைக்குத் துணி கிடையாது.

எதிர்ப் பங்களாக்காரர் மகள் பிறந்தநாளுக்காக எங்கிருந்தோ ஒரு லாமாவை வாங்கி வந்தார். ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தம், திமில் கிடையாது. குளிர் மலைப் பிராணி என்பதால் உடம்பு முழுக்கக் கம்பளி. எல்லாரும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு வாட்ச்மேனிடம், "புல்லு போடுப்பா" என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டார். கத்திரி வெயிலில், போர்ட்டிகோ தூணில் அந்த வாயில்லா ஜீவன். என்ன மனுஷன் இவர்!

நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? அமாவாசை வந்தது. அகத்திக்கீரை கொடுக்கத் தெருவில் பசு இல்லை. எங்கள் மூன்றாம் மாடி மாமி, ஒரு கட்டுக் கீரையும் ஒரு தூக்குச் சர்க்கரைப் பொங்கலுமாக லாமா முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னாலேயே பத்துப் பேர் வரிசை. நைனா இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் பாய்ந்து வந்தார்.

"யம்மா! நெய்யி, வெல்லம் துன்ற வவுறா அது?"

"பசு இல்லேன்னா நாங்க என்ன பண்றது? அமாவாசையும் அதுவுமா ஒரு வாய் குடுத்தா தப்பா?"

"புண்ணியம் உனுக்கு, பேதி அதுக்கா?"

பேதியேதான் ஆனது. மறுநாள் அது வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. பதறிப்போய் நாங்கள் நாலு பேர், கோயில் யானையைக் குளிப்பாட்டுவதுபோல் முதுகில் ஹோஸைப் பிடித்தோம். நைனா அதைப் பிடுங்கினார்.

"ஈரக் கம்பளி மேல சூடு பட்டா இன்னா ஆவும்? ஆவி கெளம்பும். உள்ள அது வெந்துடும் சார்! வவுத்துல அடி, கால்ல அடி!"

அவரே கூட்டி வந்த கால்நடை டாக்டரும் அதையேதான் சொன்னார். காய்ந்த புல், சுத்தமான தண்ணீர், நிழல். நகத்தை வெட்ட வேண்டும், கம்பளியை வெயிலுக்கு முன்பே கத்தரித்திருக்க வேண்டும். டாக்டர் வழி காட்ட, நைனாவே கத்திரிக்கோல் பிடித்தார். வேடிக்கை பார்த்த என்மேல் லாமா துப்பியது. தி.நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போக, அப்போதுதான் நைனாவிடம் வாங்கிப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை. பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. அவர் லாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ இன்னாத்துக்கு சார் எதுருல நின்ன?" என்று என்னைத் திட்டினார்.

அப்புறமும் அது புல்லைத் தொடவில்லை. "கூட்டமா வாழற பிராணி. தனியா விட்டா ஏங்கியே செத்துடும்" என்றார் டாக்டர். மறுநாள் காலையில் எங்கள் லிஃப்ட் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. யார் யார் எத்தனை மணிக்கு லாமா பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நைனா போட்ட உத்தரவு. எங்களைக் கேட்கவே இல்லை. எனக்கு நாலு மணி, மாமிக்கு ஐந்து. முறைத்துக்கொண்டே போய் நாற்காலி போட்டேன். அது "ம்ம்ம்" என்று முனகியபடி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு வாய் புல் தின்றது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நைனா அதோடு விடவில்லை. வாட்ச்மேன் போனில் பங்களாக்காரரைப் பிடித்தார். "உன்ன ஒத்தையா கட்டிப்போட்டா சோறு எறங்குமா சார்?" பங்களாக்காரர் கத்தினார். இனிமேல் எங்கள் வீட்டுத் துணி உனக்குக் கிடையாது என்றார். நைனாவுக்கு வாரத்தில் பாதி வேலை அந்த வீட்டுத் துணிதான். "போவட்டும்" என்றார். ஆனால் நாலாம் நாள் பங்களாக்காரர் அனுப்பிய வேன் வந்தது. ஏற்கெனவே மூன்று லாமாக்கள் இருக்கிற ஒரு பண்ணைக்கு அதை ஏற்றிப்போனார்கள். தெருமுனை வரை டிரைவரோடு ஓடினார் நைனா. "தண்ணி வவுத்துல! முதுவுல வாணாம்!"

மறுநாள் வேண்டுமென்றே கஞ்சி போடாத சட்டையை, பட்டன்கூட அவிழ்க்காமல் கொடுத்தேன். பேசாமல் வாங்கித் தேய்த்தார். நேராக வாட்ச்மேனிடம் போய் விசாரித்தேன். மனைவி போனபிறகு கே.கே. நகரில் ஓர் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார் என்பது, வருடக்கணக்காகத் துணி கொடுக்கிற எங்களுக்கு வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. அவரைத் தனியாக விட்டதற்கு எங்களைத் திட்ட இன்னொரு கஞ்சி நைனா தேவைப்பட்டார்.

லிஃப்ட் கதவில் இருக்கும் அந்தப் பட்டியலை இதுவரை யாரும் கிழிக்கவில்லை. நாலு மணி ஆனதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவருடைய வண்டியடிக்குப் போய்விடுகிறேன். "வேல வெட்டி இல்லியா சார் உனுக்கு?" என்று சத்தம் போடுகிறார். போடட்டும். ஐந்து மணிக்கு மாமி வந்த பிறகுதான் நான் எழுந்திருப்பேன்.