டில்லிபாபு மாமாவுக்கு, டிரம் மென்பொருள் குறித்து

காசிமேடு
செவ்வாய், மாலை

நீங்கள் ஓடுகிறீர்கள் என்பதால்தான், மாமா. வேறு காரணம் இல்லை.

இப்படித் தொடங்கக் கூடாது. மரியாதைக்குரிய டில்லிபாபு மாமாவுக்கு அக்கா மகள் பவானி எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், நைனா மிகவும் நலம். நைனாவின் நலத்தை இந்தக் கடிதத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புளியந்தோப்பில் நீங்களும் உங்கள் முட்டி வலியும் எப்படி? நீங்கள் போனை எடுப்பதில்லை. குரல் செய்தி அனுப்பினால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. ஆகவே காகிதம்.

மூன்று வாரத்துக்கு முன் எங்கள் வாசலில் நின்று கேட்டீர்கள்: "நான் குத்துக்கல்லாட்டம் கீறப்ப உனுக்கு இன்னாத்துக்குப் பொட்டி?" அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

நான் பாட்டு எழுதுகிறேன். முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, "நல்லாதான் கீது, எவன் செத்தான்?" என்றவர் நீங்கள். புதுப் பாட்டு எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றியது. அதில் எதுவும் நகராது. டிரம் மட்டும் நகர வேண்டும். ஒரே நடை, நாலு நிமிடம். நீங்களோ முப்பது வருடம் பேண்டு செட்டில் ஊர்வலத்தோடு நடந்து அடித்தவர். கல்யாண மண்டபம் கண்ணில் பட்டதும் கை வேகமாகிவிடும், தாளம் ஓடும். என் பாட்டில் மண்டபம் கிடையாது. ஆனாலும் மூன்றாவது சுற்றில் நீங்கள் எங்கோ ஒரு மண்டபத்தைப் பார்த்துவிடுகிறீர்கள்.

ஆகவே மென்பொருள். கணினிக்குள்ளேயே ஒரு டிரம் செட். கைக்கு அடக்கமான விலை, என் பழைய லேப்டாப் தாங்கும் எடை, இவ்வளவுதான் நான் கேட்டது. முதலில் இறக்கியது ஒரு பெரியது, சோதித்துப் பார்க்க இலவசம், ஏதோ குளிர்நாட்டு அரங்கில் முப்பது மைக் வைத்துப் பதிவு செய்ததாம், இரண்டு நாள் இறங்கியது, அதற்கு இடம் வேண்டுமென்று என் அக்காவின் கல்யாண வீடியோவை அழித்தேன் (அம்மாவிடம் சொல்லாதீர்கள்), திறந்ததும் லேப்டாப் விசிறி விசைப்படகு இஞ்சின் மாதிரிக் கத்தியது, நான் ஒரு தட்டு தட்டினேன், ஏழு விநாடி கழித்து "டம்" என்றது, அதற்குள் எனக்கே ஏன் தட்டினேன் என்று மறந்துபோனது. இரண்டாவதுக்கு எடையே இல்லை, இணையத்திலேயே ஓடும், ஆனால் எங்களுக்கு இணையம் மேல்வீட்டு ரிஃபானாவுடையது, அவள் சீரியல் பார்க்க உட்கார்ந்தால் என் டிரம்மர் மயங்கி விழுவார். மூன்றாவது இலவசம், சின்னது, ஒரு போட்டோ அளவுதான், அடிகளைக் கட்டம் கட்டமாக நாமே வைக்க வேண்டும். வைத்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த அடி எது? சின்ன வயதிலிருந்து ஜன்னல் வழியாகக் கேட்டது. தெருவில் யாராவது போய்விட்டால் நீங்கள் அடிப்பது. அதைக் கொஞ்சம் மெதுவாக்கினால் லாரிக்குப் பொருந்துமென்று பட்டது. ஸ்பீக்கரில் போட்டேன். நாலு நிமிடம், ஒரே நடை. ஓடவில்லை. சந்தோஷத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

நைனா பத்து நாள் கடலில் இருந்துவிட்டு அன்று காலைதான் கரை ஏறியிருந்தார். கூடத்தில், வெள்ளை வேட்டியில், மல்லாந்து.

முதலில் வந்தது கீழ்வீட்டு ஞானபாக்கியம் அக்கா, ஃபிளாஸ்க் நிறைய டீயோடு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, டீ அக்கம்பக்கத்திலிருந்துதான் வரும் என்பது நம் தெரு வழக்கம். நைனாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். பின்னாலேயே சேர் வாடகை சுப்புராஜ் அண்ணன்.

"எப்ப ஆச்சு தங்கச்சி? அம்பது சேர் போதுமா? வெயிலா கீது, பந்தலும் போட்றவா?"

அந்தச் சத்தத்தில் நைனா கண்ணைத் திறந்து, "யாருக்கு?" என்றார். ஞானபாக்கியம் அக்கா ஃபிளாஸ்கைக் கீழே போட்டுவிடாதது கர்த்தரின் கிருபை.

ஆனால் சுப்புராஜ் அண்ணன் வரும் வழியிலேயே உங்களுக்குப் போன் செய்துவிட்டார். முக்கால் மணி நேரத்தில் நீங்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். பாதிப் பொத்தான் போட்ட பேண்டு செட் சிவப்புக் கோட்டு, தோளில் டிரம், முகமெல்லாம் கண்ணீர். நைனா உட்கார்ந்து தன் சாவுக்கு வந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். "வா மச்சான்" என்றார். நீங்கள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தீர்கள். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கவில்லை.

"அடிச்சது எவன்?" என்று கேட்டீர்கள்.

நான் லேப்டாப்பைக் காட்டினேன். அதோடு முடிந்திருக்கும். ஞானபாக்கியம் அக்காதான், "டில்லி அடிக்கிற மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா இவ்ளோ சுத்தமா இருக்கேன்னு, வேற ஏரியா செட்டக் கூப்ட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றார். நீங்கள் வாசலில் நின்று என்னிடம் அந்தப் பொட்டிக் கேள்வியைக் கேட்டுவிட்டு, டீ குடிக்காமல் போனீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் சாப்பிட வராத மூன்று ஞாயிறு. அம்மா மூன்று முறையும் வஞ்சிரத் தலையை உங்களுக்கென்று ஒதுக்கி வைத்தாள். தட்டும் போட்டாள். நைனா எழுதச் சொன்னது: "அவன் வந்து அடிக்காம நான் சாவறதா இல்லன்னு எழுது."

அம்மா எழுதச் சொன்னது: "அப்போ அவன் வராமலே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவள்தான் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

இருந்தாலும் முடிவு மாறாது, மாமா. மூன்றாவது மென்பொருள்தான். விலையில்லை, எடையில்லை, ஓடுவதில்லை, கோபித்துக்கொண்டு போனை எடுக்காமல் இருப்பதில்லை. நீங்கள் மூத்தவர், புரிந்துகொள்வீர்கள். முட்டிக்கு மறக்காமல் தைலம் தடவவும். அத்தைக்கு என் அன்பு, உங்கள் டிரம்முக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஜன்னல் வழியாகத் தாளம் கற்ற
பவானி

பின்குறிப்பு: மடிக்கும் முன் பாட்டை ஒருமுறை கேட்டேன். சரியாக இருக்கிறது. ரொம்பச் சரியாக. அந்த மென்பொருளில் ஒரு திருகு உண்டு, ஆள் அடிப்பதுபோல் கொஞ்சம் பிசகவைக்க. கடைசிவரை திருகினேன். பிசகியது, கண்ட இடத்தில். மூன்றாவது சுற்றில் அது எதையும் பார்க்கவில்லை. இப்போது அங்கே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: முன்னால் நிற்கும் லாரி கிளம்புகிறது. அந்த இடத்தில் நீங்கள் ஓட வேண்டும். ஞாயிறு பதினோரு மணி, மொட்டை மாடி. சிவப்புக் கோட்டு வேண்டாம், சுப்புராஜ் அண்ணன் சேர் இறக்கிவிடுவார்.

மென்பொருளை அழித்தேன். பிறகு கீழே போய் ஞானபாக்கியம் அக்காவிடம், ஞாயிற்றுக்கிழமை டிரம் கேட்டால் டீ கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.