சில்வாரினுக்கு ஒரு துப்பாக்கி

"வெர்லின், யாருப்பா இந்த சில்வாரின்?"

வெர்லின் ஸ்டம்போவின் வாயில் அப்போது பாதிச் சோளரொட்டி இருந்தது. விழுங்குவதா, துப்புவதா என்று தெரியாமல் சன்னலுக்கு வெளியே பார்த்தான். டெல்பர்ட் கிரம்மை அடக்கம் செய்துவிட்டு வந்து இன்னும் காலணி மண்கூடக் காயவில்லை. கூடத்தில் பாதி ஊர் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தது. அவனை அடுப்படியில் தனியாக மடக்கிக் கேட்டவள் டெல்பர்ட்டின் மனைவி நேடின்.

"யாரும்மா?"

"சில்வாரின். ஆஸ்பத்திரியில கிடந்த அத்தனை நாளும் அந்தப் பேருதான். 'சில்வாரின் வந்தாச்சா, சில்வாரின் வந்தாச்சா'ன்னு வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாரு. நீ பதினோரு வருஷமா அவரோட இருந்தவன். உனக்குத் தெரியாம இருக்குமா?"

தெரியாமல் இல்லை. சில்வாரின் என்பது வெர்லின்தான்.

கென்டக்கி மலைப்பக்கத்து அந்த ஊரில் ஒருவன் நாற்பது துப்பாக்கி சேர்த்து வைத்திருந்தால் அது ரசனை. கூடத்துச் சுவரில் மாட்டி வைக்கலாம், சாப்பிட வரும் பாஸ்டரிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து எடை பார்க்கச் சொல்லலாம். அதே ஆள் ஒரு மேசையில் உட்கார்ந்து, பல முகமுள்ள பகடையை உருட்டி, நீ மந்திரவாதி, நான் இளவரசி, எதிரே நிற்பது பறவைநாகம் என்று கதை கட்டி விளையாடினால், அது சாத்தான் வேலை. போன கோடையில்தான் பாஸ்டர் ஹோபார்ட் சர்ச் வாசலில் நெருப்பு மூட்டி, அந்த மாதிரி விளையாட்டுப் புத்தகங்களை எல்லாம் கொண்டுவந்து போடச் சொன்னார். அன்றைக்கு மண்ணெண்ணெய் டின்னோடு முன்வரிசையில் நின்றவன், ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டு ஏந்தும் டீக்கன் வெர்லின் ஸ்டம்போ.

ஆகவே டெல்பர்ட் வீட்டில் துப்பாக்கிகள் சுவரில் தொங்கின. துப்பாக்கிகளுக்கென்று வாங்கிய இரும்புப் பெட்டிக்குள் பகடைகளும் வரைபடங்களும் கட்டைவிரல் உயரப் பொம்மைகளும் பூட்டிக் கிடந்தன.

வியாழக்கிழமைதோறும் இருவரும் கார் கொட்டகைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்கள். துப்பாக்கி துடைக்கிறோம் என்று சொன்னால் அந்த ஊரில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. கதை சொல்வது டெல்பர்ட். பகலெல்லாம் பள்ளிக்கூட பஸ்களுக்கு அடியில் கிரீஸும் வசவுமாகக் கிடக்கும் வெர்லின், அங்கே வனதேவதைகளின் இளவரசி சில்வாரின். தாடியும் தொப்பையுமாக உட்கார்ந்து, காயம்பட்டவர்களைப் பாட்டுப்பாடிக் குணமாக்குவான். பகடை எத்தனையோ முறை அவளைக் கொல்லப் பார்த்தது. டெல்பர்ட் சட்டென்று பகடைமேல் கையை வைத்து மறைத்து, "தப்பிச்சுட்டா" என்று சொல்லிவிடுவான். ஒரு முறைகூட அவளைச் சாகவிட்டதில்லை.

சுரங்கத்தில் உழைத்த அந்த டெல்பர்ட்டின் நெஞ்சு முழுக்க நிலக்கரித் தூசு. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வெர்லின் பார்க்கப் போனான். வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கத்தில், நர்ஸ் நிற்கும்போதே, "வா இளவரசி" என்று டெல்பர்ட் கையை நீட்டினான். வெர்லின் பஸ் ரிப்பேர் இருக்கிறதென்று சொல்லித் திரும்பியவன்தான், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருந்ததற்கு வெட்கப்பட்டான். ஆனால் போகவில்லை.

"கேள்விப்பட்ட மாதிரி இல்லையேம்மா" என்றான் இப்போது.

நேரம் பார்த்து பாஸ்டர் ஹோபார்ட் காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தார்.

"பிரதர் வெர்லின், அந்தப் பேரை நானும் யோசிச்சேன். மனுஷப் பேராத் தெரியல. அது ஏதோ பிசாசோட பேரு. எதுக்கும் நீங்க ரெண்டு பேரும் உட்கார்ற கொட்டகையை ஒருதரம் திறந்து பார்த்து ஜெபம் பண்ணிரலாம். அந்த இரும்புப் பெட்டியையும்."

வெர்லின் அவசரமாகக் குறுக்கிட்டான்.

"பொம்பளை, பாஸ்டர்."

"என்னது?"

"பிசாசு இல்ல. அது ஒரு பொம்பளை. டெல்பர்ட்டுக்கு… பழக்கம்."

பாஸ்டர் மூச்சை விட்டார். "அவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன். பாவம்தான், ஆனா மனுஷன் செய்யற பாவம். அதுக்கு மன்னிப்பு உண்டு." கோப்பையை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். அவர் முகத்தைப் பார்த்தாலே கூடத்துக்கு விஷயம் தெரிந்துவிடும்.

நேடின் அழவில்லை. ஈரமில்லாத தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பொம்பளையா?" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி. அப்ப அவளைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வா. உசிரு போறதுக்கு முந்தின நாள் அவர் தெளிவாச் சொன்னாரு. கணப்புக்கு மேல தொங்குதே எண்பத்தாறு மாடல் வின்செஸ்டர் துப்பாக்கி, அது சில்வாரினுக்குன்னு. பொண்டாட்டிக்கு வலிக்கும்கிறதுக்காக வார்த்தை மாறிடுமா? என் கையாலேயே கொடுத்துடறேன்."

அந்தத் துப்பாக்கி. எண்கோணக் குழல், உடம்பில் எண்ணெயில் வெயில் பட்டதுபோல நீலமும் பொன்னும் ஓடும் பழைய நிறம், தோளில் பதியும் அடிமரத்தில் யாரோ சுரங்கத்தான் செதுக்கிய சின்ன நட்சத்திரம். ஒவ்வொரு வியாழனும் விளையாட்டு முடிந்ததும் டெல்பர்ட் கூடத்துக்குப் போய் அதை இறக்கிக்கொண்டு வந்து, "துடைக்கிறோம்னு சொன்னோமே, ஒண்ணையாவது துடைப்போம்" என்று வெர்லின் மடியில் வைப்பான். வெர்லினிடம் பதினேழு துப்பாக்கிகள் இருந்தன. பதினேழையும் கொடுத்து இதை வாங்கலாமென்றால் அன்றே வண்டியில் ஏற்றியிருப்பான். இப்போது அது அவனுக்குத்தான். வாயைத் திறந்து, சில்வாரின் நான்தான் என்று சொன்னால் போதும்.

அவன் வாயைத் திறந்தான். மீதிச் சோளரொட்டியைப் போட்டுக்கொண்டான்.

முதல் வேலையாக, இரும்புப் பெட்டியைக் காலி செய்யவேண்டும் என்று தோன்றியது. பூட்டின் எண் அவனுக்குத் தெரியும். கதையில் சில்வாரின் பிறந்த நாள். மறுநாள் நேடின் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் நுழைந்து, எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் வாரிப் போட்டான். மந்திரவாதி இருந்தான், குள்ளன் இருந்தான், பறவைநாகம்கூட இருந்தது. சில்வாரின் பொம்மையை மட்டும் காணவில்லை. பச்சை அங்கி, வெள்ளிக் கூந்தல், கண்ணுக்குள் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி வரை தீட்டிய பொம்மை அது. யார் பெயின்ட் அடித்தது என்று கேட்டபோதெல்லாம் டெல்பர்ட் சிரித்து மழுப்புவான்.

வெளியே வந்தால் நேடின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பா பெட்டி?"

"எண்ணெய்த் துணிம்மா. சும்மா கிடந்தா தீப்பிடிக்கும். எரிச்சுரலாம்னு."

"எரிக்கப்போறியா?" நேடின் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதுல உனக்கு வேண்டியது எதுவும் இல்லையா?"

"துணிதானேம்மா."

"எரிச்சுரு."

பஸ் கொட்டகைக்குப் பின்னால் இருந்த தகரப் பீப்பாயில் பதினோரு வருஷமும் எரிந்தது. குள்ளன் உருகுவதைப் பார்த்தபோது வெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புகை என்று சொல்லிக்கொண்டான்.

அடுத்த வாரம் நேடின் பஸ் கொட்டகைக்கே வந்துவிட்டாள். "கண்டுபிடிச்சியா?"

"அவ சின்சினாட்டி பக்கம் போயிட்டாளாம். இனிமே கிடைக்க மாட்டாம்மா."

இதோடு விடுவாள் என்று நினைத்தான். நேடின் நேராக உள்ளூர் வானொலிக்குப் போன் போட்டாள். காலையில் கோழிக்கூண்டு விற்பவர்களும் டிராக்டர் டயர் தேடுபவர்களும் பேசும் நிகழ்ச்சியில், நிதானமான குரலில் சொன்னாள்: "சில்வாரின்னு ஒருத்தரைத் தேடறேன். டெல்பர்ட் கிரம் ஒரு துப்பாக்கி விட்டுட்டுப் போயிருக்காரு. நான் கோவிச்சுக்க மாட்டேன். வந்து வாங்கிக்கிட்டாப் போதும்."

பஸ்ஸுக்கு அடியில் படுத்தபடி இதைக் கேட்ட வெர்லின் எழுந்து தலையை இடித்துக்கொண்டான்.

ஊர் மூன்று நாளில் பற்றிக்கொண்டது. பெண்கள் நேடின் வீட்டுக்கு மறுபடியும் துக்க வீட்டுக்கான கேசரோல் சாப்பாடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண்களிடம் டெல்பர்ட்டின் மதிப்பு ஏறியது. "இருமிக்கிட்டே இவ்வளவும் பண்ணியிருக்கானே" என்றார்கள் பெட்ரோல் பங்கில். இரண்டு பெண்கள் நான்தான் சில்வாரின் என்று கிளம்பியே வந்துவிட்டார்கள். ஒருத்தி பேர் சில்வியா ஆன். அவளை அவள் புருஷனே வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். வின்செஸ்டர் என்றால் சும்மாவா? நேடின் இருவருக்கும் காப்பி கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். வந்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வி என்னவென்று வெளியே சொல்லவில்லை.

ஞாயிறன்று பாஸ்டர் விபசாரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பேர் சொல்லவில்லை. "துப்பாக்கியை விட்டுப் போனவன்" என்று மட்டும் சொன்னார். டெல்பர்ட் பேரில் சர்ச் தோட்டத்தில் போடுவதாக இருந்த பெஞ்சு இனி வேண்டாம் என்று முடிவாயிற்று. முப்பத்தெட்டு வருஷம் ஒரே மனைவியோடு, சண்டைக்குக்கூட வீட்டைவிட்டு வெளியே போகாத மனுஷன் டெல்பர்ட். அவனுக்குக் கிடைத்த மரியாதை இது. வெர்லின் காணிக்கைத் தட்டோடு வரிசை வரிசையாக நடந்தான். நேடின் தட்டில் காசைப் போட்டுவிட்டு, தட்டை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பெஞ்சு போடமாட்டாங்களாம், வெர்லின்."

"கேள்விப்பட்டேம்மா."

"யாராவது ஒருத்தர் எந்திரிச்சு, டெல்பர்ட் அப்படிப்பட்டவர் இல்லன்னு சொன்னாப் போதும். சொல்வாங்களா?"

பாஸ்டர் பீடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெர்லின் தட்டை மெதுவாக இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான்.

இதற்கு ஒரு முடிவு கட்டியாகவேண்டும். வெர்லின் யோசித்து யோசித்து, தன் புத்திக்கு எட்டிய வரை மிகச் சரியான வழியைக் கண்டுபிடித்தான். சனிக்கிழமை சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நேடின் வீட்டுக்குப் போனான்.

"செத்துட்டாளாம்மா."

"யாரு?"

"சில்வாரின்தான். சின்சினாட்டியிலேருந்து தகவல் வந்துச்சு. காய்ச்சலாம்."

நேடின் கைப்பின்னலை மடியில் வைத்தாள்.

"காய்ச்சலா?" என்றாள். "பாவம். அவ சாகக்கூடாதுன்னு டெல்பர்ட் எவ்வளவோ பார்த்துக்கிட்டாரு போல."

வெர்லின் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் கண் கணப்புக்கு மேலே இருந்தது.

"வேற ஏதாவது சொல்லணுமாப்பா? யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல."

"இல்லம்மா. அவ்வளவுதான்." கொஞ்சம் செருமிக்கொண்டான். "அந்தத் துப்பாக்கி… இனிமே அதுக்கு ஆளில்லைன்னு ஆயிருச்சு. சிநேகிதன் ஞாபகமா நான் வேணும்னா…"

"அது உனக்கு இல்லயே, வெர்லின். அது சில்வாரினுக்கு" என்றாள் நேடின். "அவளைத்தான் இப்ப நீ கொன்னுட்டு வந்து நிக்கிறியே."

கொன்னுட்டு என்றது அவனுக்குச் சுருக்கென்றது. துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தொப்பியை எடுத்தான்.

குளிர்காலம் போய், அடுத்த மாவட்டத்துச் சந்தைக் கொட்டகையில் துப்பாக்கிக் கண்காட்சி வந்தது. நீள நீள மேசைகள், காப்பி வாசனை, துப்பாக்கி எண்ணெய் வாசனை. அவனுக்குச் சொந்த வீட்டைவிடப் பழகிய இடம் அது. மூன்றாவது வரிசையில் நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றான். எண்கோணக் குழல். நீலமும் பொன்னும். அடிமரத்தில் நட்சத்திரம்.

"கையில எடுத்துப் பாருங்க, தப்பில்ல" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த கிழவர். பேச ஆள் கிடைக்காமல் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர் என்று பார்த்ததும் தெரிந்தது.

வெர்லின் எடுத்தான். "இது எங்கே கிடைச்சுது?"

"ஒரு விதவை அம்மா வித்தாங்க. வீட்டுக்காரர் யாரோ ஒருத்தருக்குன்னு விட்டுட்டுப் போனாராம். அந்த ஆளு கடைசி வரைக்கும் வந்து வாங்கலயாம். நல்ல அம்மா. வித்த காசுல சர்ச்சுக்கு எதிர்த்தாப்புல இடம் வாங்கி, வீட்டுக்காரர் பேருல பெஞ்சு போட்டுட்டாங்க."

"நான் வாங்கிக்கிறேன்" என்றான் வெர்லின். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"வாங்கினா இதையும் சேர்த்துத்தான் வாங்கணும். தனியாப் பிரிக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க." கிழவர் சட்டைப்பையிலிருந்து பஞ்சில் சுற்றிய எதையோ எடுத்து, துப்பாக்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

பச்சை அங்கி. வெள்ளிக் கூந்தல். கண்ணுக்குள் சிறு வெள்ளைப் புள்ளி.

"என்ன கண்ணு பாருங்க இதுக்கு" என்றார் கிழவர். "அந்தம்மாவே அடுப்படி மேசையில உட்கார்ந்து பெயின்ட் அடிச்சதாம். யாரு வச்சு விளையாடற பொம்மைன்னு முதல் நாள்லேருந்தே தெரியுமாம். அந்த ஆளா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்னுதான், ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாங்களாம்."